போர்ட்டரைக் கேட்ட குள்ளர்கள்

சென்னைக்கு வேலைக்கு வந்த புதிதில், திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் உட்கார்ந்து 'தி ஹாபிட்' என்ற ஆங்கில மாயாஜால நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன். முதல் அத்தியாயம். பில்போ பேகின்ஸ் என்ற ஹாபிட்டின், அதாவது குட்டையான ஒரு கற்பனை இனத்தவனின், வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் குள்ளர்கள் வந்து இறங்குகிறார்கள். ஒருவர் இருவர் இல்லை, பதின்மூன்று பேர். சிலர் 'ஏல்' கேட்கிறார்கள், சிலர் 'போர்ட்டர்' கேட்கிறார்கள், ஒருவர் காப்பி கேட்கிறார். கேக் எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது.

ஏல் என்றால் ஒருவகை பீர் என்று அகராதி சொல்லிவிட்டது. போர்ட்டருக்கு அகராதி எதற்கு? எழும்பூர் ஸ்டேஷனில் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பாரே, அவர்தான். குள்ளர்கள் நெடும்பயணம் போகப்போகிறார்கள், கையில் மூட்டை முடிச்சு, போதாக்குறைக்கு வாத்தியங்கள் வேறு. தூக்க ஆள் கேட்கிறார்கள். நியாயம்தானே. பில்போ கடைசிவரை ஒரு போர்ட்டரையும் கூப்பிடவில்லை என்பது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. வந்தவர்களைக் கவனிக்கத் தெரியாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டு மேலே படித்தேன்.

போர்ட்டரும் ஒரு பீர்தான், கறுப்பு பீர் என்று எனக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆயிற்று. தெரிந்த அன்று தலையில் அடித்துக்கொண்டு, ஏன் அந்தப் பெயர் என்று தேடினேன். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் மூட்டை தூக்கும் கூலியாட்கள் விரும்பிக் குடித்த பீர் அது. அவர்களை வைத்துத்தான் பெயரே வந்தது. ஆக, என் எழும்பூர் போர்ட்டர் முழுக்கத் தப்பான ஆள் இல்லை. கதைக்குள் கொல்லைப்புறமாக வந்துவிட்டார், அவ்வளவுதான்.

எனக்கு இன்றும் மறக்காத ஆங்கிலச் சொற்களைக் கணக்கெடுத்தால், முதல் தடவையே சரியாகப் புரிந்தவை அதில் குறைவு. தப்பாகப் புரிந்துகொண்டு, அந்தத் தப்போடு கொஞ்ச நாள் குடித்தனம் நடத்தி, அப்புறம் அசடு வழிந்த சொற்கள்தான் அதிகம். அந்த மாதிரித் தப்புக்கு மாயாஜால நாவல் போல வசதியான இடம் வேறில்லை. ஏனென்று சொல்கிறேன்.

நான் தமிழ் வழியில் படித்தவன். ஊர் திருவையாற்றுப் பக்கம். கல்லூரியில் ஆங்கிலம் பாடப்புத்தகத்தோடு நின்றுவிட்டது. வேலைக்கு வந்தபின், அறையில் இருந்த மதுரைக்காரன் ஒருவன் கையில் எப்போதும் ஒரு தடித்த ஆங்கில நாவல் இருக்கும். அப்போது, 'ஹாபிட்'டை எழுதிய டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்ற மோதிரக் கதையை எடுத்த மூன்று படங்களும் வந்து முடிந்திருந்தன. படம் பார்த்துவிட்டு வந்த இரவு, "புத்தகத்துல இன்னும் எவ்வளவோ இருக்கு மாப்ள" என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பைகிராஃப்ட்ஸ் சாலைப் பிளாட்பாரக் கடையில் முதுகு கிழிந்த 'ஹாபிட்' ஒன்றை வாங்கிவந்தேன். பெரிய கதைக்கு முந்தைய சின்னக் கதை அது, அதிலிருந்து தொடங்கு என்று அவன்தான் சொன்னான்.

முதல் மூன்று இரவில் எட்டுப் பக்கம். தெரியாத சொல் ஒவ்வொன்றையும் அகராதியில் பார்த்து, பக்க ஓரத்தில் பொடி எழுத்தில் தமிழ் அர்த்தம் எழுதினேன். ஓரம் நிரம்பியதும் மேலே, அப்புறம் கீழே. ஒரு பக்கத்தில் முப்பது நாற்பது சொற்கள். பால் நேஷன் என்ற நியூசிலாந்து மொழியியல் பேராசிரியர் இந்தச் சிக்கலுக்குக் கணக்கே போட்டு வைத்திருக்கிறார் என்பதைப் பிற்பாடு படித்தேன். யார் துணையும் இல்லாமல் ஒரு நாவலைப் படிக்க, அதில் உள்ள சொற்களில் நூற்றுக்கு 98 தெரிந்திருக்க வேண்டுமாம். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாததாக இருக்கலாம். அதற்கு எட்டாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தேவை என்று 2006-இல் எழுதினார். ஒரு சொல், அதிலிருந்து கிளைத்த மற்ற வடிவங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். என் கையிருப்பு அதில் பாதி தேறியிருக்குமா என்பதே சந்தேகம்.

நான்காம் இரவு மதுரைக்காரன் என் புத்தகத்தை வாங்கிப் பார்த்தான். பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாப்ள, நீ கதை படிக்கிறியா, டிக்ஷனரிக்கு உரை எழுதுறியா?" என்றான். பில்போ அப்போது என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாற்பது சொல்லுக்கு அர்த்தம் தெரியும், கதை தெரியாது.

அவன் ஒரு வழி சொன்னான். தெரியாத சொல் வந்தால் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வை, போய்க்கொண்டே இரு. அதே சொல்லுக்கு மூன்றாவது புள்ளி விழுந்தால் மட்டும் அகராதியைத் தொடு. எனக்கு அதில் பாதிதான் ஒத்துவந்தது. மூன்றாவது தடவை வரும்போது, முதல் இரண்டு புள்ளி எங்கே வைத்தேன் என்று தேடுவதே வேலையாகிவிட்டது. அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி மூன்று பத்தி கோடு போட்டேன். 'நிஜம்', 'புருடா', 'தெரியல'. நிஜமான ஆங்கிலச் சொல் என்று தோன்றினால் முதல் பத்தி. நாவலாசிரியர் கதைக்காகக் கட்டிவிட்டது என்று தோன்றினால் இரண்டாவது. ரெண்டுங்கெட்டானுக்கு மூன்றாவது. அர்த்தத்துக்கு இடமே விடவில்லை. இது சொந்த மூளையில் உதித்த ஒரே நல்ல யோசனை.

குடும்பக் கதையோ துப்பறியும் கதையோ படித்தால் இப்படிப் பிரிக்கவேண்டிய தேவையே வராது. எல்லாச் சொல்லும் அகராதியில் இருக்கும். தெரியாத சொல் என்றால் எனக்குத் தெரியாத சொல், அவ்வளவுதான். மாயாஜாலக் கதையில் அந்த உத்தரவாதம் கிடையாது. இது இங்கிலாந்தில் எல்லோர் வீட்டிலும் புழங்கும் சொல்லா, இல்லை அந்த உலகத்துக்கு மட்டுமா? ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, தேங்காயைத் தட்டிப் பார்க்கிற மாதிரி காதருகே தட்டிப் பார்க்கவேண்டியிருந்தது. தட்டிப் பார்த்த சொல் மறப்பதில்லை.

சமையலறையிலிருந்து தொடங்குகிறேன். பில்போவின் வீடு குன்றைக் குடைந்த வளை. அதில் என்னென்ன அறைகள் என்று முதல் பக்கத்திலேயே ஒரு பட்டியல் வரும். அதில் 'பேன்ட்ரி'கள், அதுவும் நிறைய. பேன்ட்ரி எனக்குத் தெரியும். ரயிலில் பேன்ட்ரி கார் இருக்கிறதே, காப்பி காப்பி என்று கூவிக்கொண்டு வருகிறவர் அங்கிருந்துதானே வருகிறார். எனவே அது சமைக்கிற இடம். சரி, அப்படியானால் பட்டியலில் சமையலறை தனியாக ஏன் வருகிறது? ஒரு வீட்டில் அத்தனை சமையலறை வைத்துக்கொண்டு ஒற்றை ஆள் என்ன செய்வான்? அகராதி 'உணவுப்பொருள் வைக்கும் அறை' என்றது. அது மண்டையில் ஏறவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஒரு கல்யாண வீட்டில் யாரோ, "நெய் தீந்துபோச்சுன்னா உக்கிராணத்துல போய்க் கேளு" என்று கத்தியது காதில் விழுந்ததும்தான் ஏறியது. பேன்ட்ரி என்றால் உக்கிராணம்! எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் ரேழி, கூடம், முற்றம் தாண்டி அடுக்களைக்குப் பக்கத்தில் ஓர் இருட்டு அறை இருக்கும். அரிசி, பருப்பு, வெல்லம், ஊறுகாய் ஜாடி எல்லாம் அங்கேதான். ஒண்டிக்கட்டையான பில்போ வீட்டில் ஒன்றுக்கு நாலாக உக்கிராணம் இருக்கிறது என்றால், அந்த ஆளுக்குச் சாப்பாட்டின் மேல் எவ்வளவு பிரியம் என்பது ஒரே சொல்லில் விளங்கிவிட்டது. அது நகைச்சுவை என்பதும் அப்போதுதான் புரிந்தது. அதுவரை அதை வீட்டு விவரமாகப் படித்திருந்தேன்.

அந்தச் சொல்லின் வேரைத் தோண்டினால் இன்னொரு வேடிக்கை. பேன்ட்ரி முதலில் ரொட்டி வைக்கிற அறை. ரொட்டிக்கு லத்தீனில் உள்ள 'பானிஸ்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து பேன்ட்ரி ஆயிற்று. அதே பானிஸ் போர்த்துக்கீசியர் வாயில் வேறு மாதிரித் தேய்ந்து இந்தப் பக்கம் கப்பலேறியது. பம்பாயில் அது பாவ். இலங்கைத் தமிழில் பாண். காலையில் பாணும் சம்பலும் சாப்பிடுகிற யாழ்ப்பாணத்துக்காரரும், பேன்ட்ரியைத் திறந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிற பில்போவும் ஒரே சொல்லின் இரண்டு கிளையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இனி நோட்டின் நடுப் பத்தி. புருடா என்று நான் முடிவுகட்டியவை.

கதையின் நடுவில் ஒரு இருண்ட காடு. அங்கே ராட்சதச் சிலந்திகள் குள்ளர்களைக் கட்டித் தொங்கவிட்டிருக்கின்றன. சிலந்திகளைத் திசைதிருப்ப பில்போ அவற்றைக் கேலி செய்து பாடுகிறான். 'அட்டர்காப்' என்று கூப்பிடுகிறான், 'டாம்நாடி' என்கிறான், 'லாப்' என்கிறான். சிலந்திகளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு புருடாவில் எழுதினேன். குழந்தைகள் பாட்டுக்குச் சும்மா ஓசைக்காகப் போட்டது என்று நினைத்தேன்.

மூன்றுமே நிஜம். அட்டர்காப் என்பது சிலந்திக்குப் பழைய ஆங்கிலப் பெயர். முன்பாதிக்கு விஷம் என்று அர்த்தம். நார்வேயிலும் டென்மார்க்கிலும் இன்றைக்கும் சிலந்தியைக் கிட்டத்தட்ட இப்படித்தான் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் தலை போய்விட்டது, ஆனால் வால் இன்னும் இருக்கிறது. ஒட்டடைக்கு 'காப்வெப்' என்கிறார்களே, அதில் உள்ள காப் இதுதான். ஒட்டடை அடிக்கிற ஒவ்வொரு வெள்ளைக்காரரும் தெரியாமலே அந்தப் பழைய சிலந்தியைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். டாம்நாடி என்றால் மடையன். லாப் என்பதும் சிலந்திக்கு இன்னொரு பழம்பெயர். பெரிய கதையில் ஷீலாப் என்ற ஒரு பூதாகரமான சிலந்தி வருகிறதே, அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு நடுங்கும். பிரித்துப் பார்த்தால் 'பொம்பளைச் சிலந்தி' என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

இதற்குப் பிறகுதான் ஆசிரியர் யார் என்று பார்த்தேன். ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியர் என்பதுவரை அட்டையிலேயே இருந்தது. அட்டையில் இல்லாதது ஒன்று உண்டு. முதல் உலகப்போர் முடிந்து வந்த கையோடு, 1919-லும் 1920-லும் டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் வேலை பார்த்திருக்கிறார். டபிள்யூ எழுத்தில் தொடங்கும் சொற்கள் அவர் மேசைக்கு வந்தன. வால்ரஸ் என்ற சொல்லின் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்க மனுஷன் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார். நான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்த கதையை எழுதியவரே அகராதிக்காரர். அகராதியில் மூலையில் கிடந்த சொற்களை எடுத்துத் தூசி தட்டிக் கதையில் நடமாட விட்டிருக்கிறார். புருடாப் பத்தியில் இருந்தவை ஒவ்வொன்றாக இடதுபக்கம் குடிபெயர ஆரம்பித்தன. அம்புக்குறி போட்டுப் போட்டு அந்தப் பக்கங்கள் ரயில்வே வரைபடம் மாதிரி ஆகிவிட்டன.

ஹாபிட் என்ற சொல்லை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய குழப்பம். அது டோல்கீன் கண்டுபிடித்தது என்று உலகமே சொல்லும். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவர், யாரோ ஒரு மாணவன் எழுதாமல் விட்ட வெற்றுப் பக்கத்தில், நிலத்தில் ஒரு வளையில் ஒரு ஹாபிட் வாழ்ந்தது என்று எழுதினார், அந்த ஒரு வரியிலிருந்து 1937-இல் வெளிவந்த புத்தகம் முளைத்தது என்பது எல்லோரும் சொல்கிற கதை. அதன்படி புருடா. ஆனால் மைக்கேல் டென்ஹம் என்பவர் திரட்டிய நாட்டார் வழக்குகளின் தொகுப்பு 1890-களில் இங்கிலாந்தில் அச்சாகியிருக்கிறது. அதில் பேய், பிசாசு, குட்டிச்சாத்தான் வகையறாக்களின் நீண்ட பட்டியல் ஒன்று உண்டு. அதன் நடுவில் 'ஹாபிட்ஸ்' என்று ஒரு சொல், விளக்கம் எதுவும் இல்லாமல், நின்றுகொண்டிருக்கிறது. சரி, நிஜம். அப்புறம் 1976-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் இணைப்புத் தொகுதி அந்தச் சொல்லைச் சேர்த்துக்கொண்டு, டோல்கீன் கதைகளில் வருபவர்கள் என்று விளக்கமும் எழுதிவிட்டது. என் நோட்டில் அது மூன்று பத்தியிலும் இருக்கிறது.

இன்னொன்று 'கேரக்'. ஆற்றின் நடுவே நிற்கும் ஒரு பெரும்பாறை. இதற்கு ஏன் கேரக் என்று பெயர் என்று பில்போ கேட்கிறான். காண்டால்ஃப் என்ற மந்திரவாதி, இந்த வட்டாரத்தில் வசிக்கும் ஒருத்தர் அந்த மாதிரிப் பாறையைக் கேரக் என்றுதான் சொல்வார், அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கேரக் இது ஒன்றுதான், அதனால் இது கேரக் என்கிறார். படித்துவிட்டு இதெல்லாம் ஒரு விளக்கமா என்று எரிச்சல் வந்தது. இடக்குப் பேச்சு என்று நினைத்தேன். அதற்குப் பதில் பின்னால் வரும்.

தனித்தனிச் சொற்களைவிட எனக்குப் பெரிய லாபம் ஒரு குடும்பத்தால் கிடைத்தது. பழங்காலத்து மனிதர்கள் பேசுவதாக வரும் இடங்களில் 'ஹிதர்', 'திதர்', 'வென்ஸ்', 'ஹென்ஸ்' என்றெல்லாம் வரும். ஹென்ஸ் எனக்குப் பொறியியல் கல்லூரிக் கணக்கிலிருந்து பழக்கம். விடை வராவிட்டாலும் கடைசி வரியில் 'ஹென்ஸ் ப்ரூவ்டு' என்று எழுதிவிட்டு வருவோம். 'ஆகவே' என்று அர்த்தம். ஒரு ராஜா ஒருவனைப் பார்த்து ஹென்ஸ் போ என்றால், 'ஆகவே போ' என்று படித்துக்கொண்டேன். அதுவும் ஓரளவு பொருந்தித் தொலைத்தது. ஒருநாள் எல்லாவற்றையும் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியபோது பொட்டில் அடித்தது. ஹியர், தேர், வேர். ஹிதர், திதர், விதர். ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ். இது நம் இங்கே, அங்கே, எங்கே! இரண்டாவது வரிசை இங்கு நோக்கி, அங்கு நோக்கி, எங்கு நோக்கி. மூன்றாவது இங்கிருந்து, அங்கிருந்து, எங்கிருந்து. பள்ளியில் சுட்டெழுத்து, வினா எழுத்து என்று மனப்பாடம் செய்த அதே சமாசாரத்தை ஆங்கிலமும் ஒருகாலத்தில் ஒழுங்காக வைத்திருந்திருக்கிறது. அப்புறம் பாதியைப் பரணில் போட்டுவிட்டது. நாமும் யோக்கியமில்லை. அ, இ, உ மூன்றும் சுட்டு என்று நன்னூல் சொல்லும். தமிழ்நாட்டில் உகரத்தைத் தொலைத்துவிட்டோம். உவன், உது என்று யாழ்ப்பாணத்தார் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

பரண் என்றதும் ஞாபகம் வருகிறது. 'ஹாபிட்' முடித்து 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முன்னுரைக்குள் நுழைந்தால் 'மேதம்' என்று ஒரு சொல். உடனடி உபயோகம் இல்லை, தூக்கிப்போடவும் மனசு வராது, அப்படிப்பட்ட சாமானை ஹாபிட்டுகள் மேதம் என்பார்கள். அவர்கள் வீடுகள் மேதம்களால் நிரம்பி வழியும். பிறந்தநாள் பரிசாகக் கைமாறிக் கைமாறிப் போவதில் பலவும் அதுதான். இதைப் படித்ததும் எங்கள் வீட்டுப் பரண் கண்முன் வந்தது. கிரகப்பிரவேசத்துக்கு வந்த சுவர்க்கடிகாரங்கள், ஒரே மாதிரிப் பிள்ளையார் படங்கள், திறக்காத லெமன் செட். மேல் தாளை மட்டும் மாற்றி அடுத்த கல்யாணத்துக்குக் கொடுத்துவிடுவோம். ஒருமுறை நாங்கள் கொடுத்த லெமன் செட் நாலு வருஷம் ஊர் சுற்றிவிட்டு எங்களிடமே வந்தது. அம்மா பெட்டியின் மூலைக் கிழிசலை வைத்துக் கண்டுபிடித்தாள். இந்த வியாதிக்கு ஆங்கிலத்தில் பெயர் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். மேதம் என்பதற்கு மூலமான பழைய ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் புதையல், விலைமதிப்புள்ள பொருள். ஹாபிட்டுகள் கையில் அது தட்டுமுட்டுச் சாமானாக இறங்கிவிட்டது.

புதுச் சொல் கிடைத்தால் சும்மா இருக்க முடியுமா? அலுவலகத்தில் எங்கள் குழுவின் பழைய நிரல்கள், யாருக்கும் தேவைப்படாத கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு, எம்-ஏ-டி-எச்-ஓ-எம் என்று பெயர் வைத்தேன். ஒருத்தருக்கும் விளக்கவில்லை, ரொம்பப் பெருமை. எங்கள் குழுத்தலைவரும் தமிழர். அந்த எழுத்துக்களை அவர் 'மாதம்' என்று படித்திருக்கிறார். மாதாந்திர அறிக்கைக்கு இந்தப் பையன் அழகாகத் தமிழில் ஃபோல்டர் போட்டிருக்கிறானே என்று சந்தோஷப்பட்டு, மாதக் கடைசி அறிக்கைகளை அதில் சேமிக்க ஆரம்பித்துவிட்டார். மூன்று மாதம் கழித்து இடம் போதவில்லை என்று நான் அந்தக் குப்பையை மொத்தமாக அழித்தேன்.

அதற்கப்புறம் நடந்ததை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. அறிக்கைகள் யாரோ ஒருவரின் மின்னஞ்சலில் கிடைத்தன, என் வேலையும் தப்பித்தது. "சிம்பிளா, எல்லாருக்கும் தெரிஞ்ச இங்கிலீஷ்ல பேர் வைப்பா" என்று மட்டும் சொன்னார். நல்ல மனுஷன். ஆனால் அந்த அலுவலகத்தில் ஏழெட்டுப் பேருக்கு மேதம் என்றால் என்னவென்று இன்றும் தெரியும்.

அவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. என் நோட்டில் உள்ள சொற்களில் முக்கால்வாசியை வைத்துக்கொண்டு ஒரு டீ கூட வாங்க முடியாது. 'ஏர்' என்றால் 'முன்பு' என்று தெரிந்து என்ன பயன்? குள்ளர்கள் பாட்டில் அதை அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்தினேன் என்பதுதான் மிச்சம். இங்கிலீஷ் பேச்சு சரளமாக வர மாயாஜால நாவல் படியுங்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்குப் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரோடு இங்கிலீஷில் பேசுவது உத்தமம். கிடைத்தது வேறு. தெரியாத சொல்லைக் கண்டால் முன்பு பயம் வரும். இப்போது சந்தேகம் வருகிறது, நீ யாருப்பா, எந்த ஊரு என்று. அலுவலக ஆவணமோ வக்கீல் நோட்டீஸோ, எதைப் படித்தாலும் அந்தப் புத்தி வேலை செய்கிறது.

பெரிய கதையின் முதல் பாகத்தின் கடைசியில் ஒன்பது பேர் கூட்டத்தில் மிஞ்சியவர்கள் படகில் ஆற்றோடு போவார்கள். ஓர் இரவு ஓர் 'எயிட்'டில் தங்குகிறார்கள். உச்சரிப்புதான் எயிட். எழுத்தில் இ, ஒய், ஓ, டி. இப்படி எழுதினால் அது மனுஷன் பேசுகிற சொல்லாக இருக்க முடியாது என்று புருடாவில் போட்டிருந்தேன். அட்டர்காப் அனுபவத்துக்குப் பிறகு நான் எதையும் நம்புவதில்லை என்பதால் அகராதியைப் புரட்டினேன். நிஜம்தான். லண்டனில் தேம்ஸ் நதியில் சிஸ்விக் எயிட் என்ற இடமே இருக்கிறது. தமிழில் என்ன அர்த்தம் என்று பார்த்தால் 'ஆற்றிடைக்குறை' என்று போட்டிருந்தது.

ஆங்கிலச் சொல் புரியவில்லை என்று தமிழுக்கு வந்தால், தமிழ்ச் சொல் புரியவில்லை. குறை என்றால் ஆற்றின் மேல் என்ன குறை? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனுக்குப் போனேன். ஆற்றின் நடுவே இருக்கும் திட்டு, சின்னத் தீவு. அதற்கு வேறு பெயர்களும் உண்டு. அரங்கம். துருத்தி.

இரண்டாவது சொல்லைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் அத்தை வீடு திருப்பூந்துருத்தி. கண்டியூரில் இறங்கி, திருக்காட்டுப்பள்ளி போகிற பஸ்ஸில் மாறவேண்டும். ஏழூர்த் திருவிழாவுக்குப் பல்லக்கு போகிற ஊர்களில் ஒன்று. சின்ன வயதில் நூறு தடவையாவது போயிருப்பேன். துருத்தின்னா என்ன என்று ஒருமுறை அப்பாவைக் கேட்டதற்கு, வழியில் இருந்த கொல்லுப்பட்டறையைக் காட்டினார். புஸ் புஸ் என்று நெருப்பை ஊதும் தோல்பை. அதுவும் துருத்திதான், தப்பில்லை. அன்றிலிருந்து என் மனசில் பூந்துருத்தி என்றால் பூப்போட்ட தோல்பையால் நெருப்பு ஊதும் ஒரு கொல்லனின் ஊர். அப்பர் அந்த ஊரில் மடம் கட்டித் தங்கினார் என்று பாடத்தில் படித்தபோதும், பக்கத்தில் அந்தக் கொல்லன் ஊதிக்கொண்டேதான் இருந்தான். ஸ்ரீரங்கமும் அப்படியே. பெருமாள் ஆடுகிற மேடை போலிருக்கிறது என்று நினைத்து, அரங்கத்தை விட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் ஆறு ஓடுகிற ஊர் என்று தெரிந்தும்.

உடனே அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். துருத்தின்னா தோல்பை மட்டும் இல்லப்பா, ஆத்துக்கு நடுவுல இருக்கற நிலம் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ஆமா. ஒரு பக்கம் காவேரி, இன்னொரு பக்கம் குடமுருட்டி. நடுவுல இருக்கு, அதனால துருத்தி. இதுக்கு எதுக்குடா டிக்ஷனரி? பாலத்துல நின்னு பாத்தா தெரியாதா?"

காண்டால்ஃப் சொன்ன மாதிரியே சொல்லிவிட்டார். கேரக்கைக் கேரக் என்றுதான் சொல்வார்கள், பக்கத்தில் இருக்கிற கேரக் இது, அதனால் இது கேரக். எரிச்சல்பட்ட அந்தப் பக்கத்தை எடுத்து மறுபடி படித்தேன். ஊர்ப்பெயர் எல்லாமே இப்படித்தானே உண்டாகியிருக்க வேண்டும்? யாரோ ஒருத்தர் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த துருத்தி.

'ஹாபிட்'டில் எனக்குப் பிடித்த சொல் எது என்று கேட்டால் 'ஸ்டேகர்மென்ட்' என்பேன். மலைக்கடியில் குகைக்குள் இறங்கிய பில்போ, குவியல் குவியலாகப் பொன்னும் அதன்மேல் தூங்கும் டிராகனையும் முதல்முறையாகப் பார்க்கிறான். அதைச் சொல்ல மனிதர்களிடம் சொல்லே மிச்சமில்லை என்று ஆசிரியர் கையை விரிக்கிறார். விரித்த கையோடு, யாரும் புழங்காத இந்தச் சொல்லையும் நைசாக வைத்துவிட்டுப் போகிறார். தமிழில் நான் 'மலைப்பு' என்று எழுதிவைத்திருக்கிறேன். மலைக்குள்ளே நின்று மலைத்துப்போனான் என்பது அவருக்கே வாய்க்காத வாய்ப்பு.

போன மாதம் அந்த முதுகு கிழிந்த 'ஹாபிட்'டை என் மகள் எடுத்தாள். ஏழாம் வகுப்பு, ஆங்கில வழி. நான் இருபத்துமூன்று வயதில் திணறிய முதல் பக்கத்தை அவள் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டே தாண்டிவிட்டாள். ஓரத்தில் என் பொடி எழுத்தைப் பார்த்துச் சிரிக்க மட்டும் தவறவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அறையிலிருந்து குரல் வந்தது.

"அப்பா, போர்ட்டர்னா அந்த ஆப்தானே? வீடு மாத்தினப்போ சின்ன லாரி புக் பண்ணமே?"

வாயைத் திறந்தேன். பீர், லண்டன், மூட்டைத்தூக்கிகள், எழும்பூர் ஸ்டேஷன் எல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. மூடிக்கொண்டேன்.

"படிச்சுக்கிட்டே போ, அப்புறம் பாக்கலாம்" என்றேன்.

அரைமணி நேரம் இருக்கும். மறுபடி குரல்.

"வண்டி வரல போலப்பா. எல்லாரும் குட்டிக் குதிரைல கெளம்பிட்டாங்க."